சீப்பில் ஒரு முடி

தினமும் ஒரு தலைமுடியை வைத்தால் போதும். உடம்பிலுள்ள இரும்பு, துத்தநாகத்தோடு பரம்பரை ஜீனையும் படித்து, அவரவருக்கென்று தனித்தனியாகச் சமைத்துப் போடும் மகா மேதாவி அந்தச் சமையல் இயந்திரம்.

மாசிலாமணி, மனைவியின் சீப்பில் மிஞ்சியிருந்த கடைசி முடியை எடுத்து வைத்தார்.

"பூங்கோதை அம்மையார் அவர்களே! தங்கள் துத்தநாகம் அபாரம்! இரும்பு மட்டும் சற்றுக் குறைவு. நூறாண்டு வாழ்வீர்கள்!" என்று மேடைப் பேச்சாளர் போல முழங்கியது இயந்திரம். அவள் இறந்து மாதக்கணக்காகிறது.

அவளுடைய முருங்கைக்கீரைப் பொரியல் வந்தது. அவர் ஜீனுக்கு இரும்பு ஆகவே ஆகாது. "என் தட்டுல கை வெச்சா மிஷின் திட்டும்ங்க" என்று சொல்லிக்கொண்டே, இருந்தவரை அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிடுவாள்.

இன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"நாளையும் மறவாமல் முடி வையுங்கள், அம்மையாரே!"

வெறும் சீப்பைத் தடவியபடி மாசிலாமணி சொன்னார்: "நாளைக்கு அவளுக்கு விரதம்பா."