ஏரி அமைதி

ரேடியோவின் முன்னால் உட்காருமுன் எலோய் தலை வாரிக்கொண்டான். சட்டைக் காலரையும் இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த மலை உச்சியில் அவனைப் பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. இருந்தாலும் ஒரு பெண்ணோடு பேசப் போகிறோம் அல்லவா?

பொத்தானை அழுத்தினான். "ஏரி அமைதி."

சற்றுப் பொறுத்து, இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. "ஏரி அமைதி, இஞ்சினியர் சார்."

அவ்வளவுதான். இனி இருட்டின பிறகுதான் அந்தக் குரல்.

மேலே பனிமலை, கீழே பள்ளத்தாக்கில் அவன் ஊர். பனி உருகி உருகி ஏரி வருடத்துக்கு வருடம் வீங்குகிறது. தண்ணீரைத் தாங்கி நிற்பது அணை அல்ல. பனியாறு என்றைக்கோ தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும்தான். ஒரு பனிப்பாளம் இடிந்து உள்ளே விழுந்தால் போதும், எழும்பும் அலை அந்தக் கரையை உடைத்துக்கொண்டு ஓடும்.

ஆனால் வெள்ளம் ஊர் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேலே இருப்பவர் ரேடியோவில் சொல்லி, கீழே கேட்பவர் உடனே அபாயச் சங்கை ஊதினால், ஆற்றங்கரையில் குடியிருக்கும் எலோயின் அம்மாகூட மேட்டுக்கு ஏறிவிடலாம்.

இதற்காகத்தான் நகராட்சியும் மின்சாரக் கம்பெனியும் கைகோத்துத் திட்டம் போட்டன. பனி ஏரிகளுக்குக் காவல், வேலையில்லாத இளைஞர்களுக்குச் சம்பளம். திறப்பு விழாவில் மேயர் கம்பெனியைப் புகழ்ந்தார், மேனேஜர் நகராட்சியைப் புகழ்ந்தார். கூட்டம் இருவருக்கும் கைதட்டிவிட்டு வறுத்த பன்றிக்கறியைத் தேடிப் போனது.

மறுநாளே நகராட்சி ஆட்கள் எலோயைக் கோவேறு கழுதையில் ஏற்றி இங்கே விட்டுப் போனார்கள். பயிற்சியில் சொன்னது ஒன்றுதான்: நிலவரத்தைச் சொல், கேட்டவர் அதையே திருப்பிச் சொன்னால் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். வேறு பேச்சு கூடாது.

அவள் ஒரு நாளும் திருப்பிச் சொல்லத் தவறியதில்லை. போதாததற்கு, காவல்காரனைப் போய் 'இஞ்சினியர் சார்' என்கிறாளே! ஊரில் தொப்பி போட்டவனையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆறிப்போன உருளைக்கிழங்கைக் கடித்தபடி அவளுடைய அறையைக் கற்பனை செய்வான். சூடான அறை, சன்னலுக்கு வெளியே சந்தைக் கூச்சல், பக்கத்து மேசையில் வம்பளக்கத் தோழிகள். ஒருமுறை அவள் இருமினாள். அந்த இருமலை நினைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டினான்.

அவன் காவல் முறை முடிந்து மறுநாள் மாற்று ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின இரவு எலோய் விதியை மீறினான்.

"ஏரி அமைதி."

"ஏரி அமைதி, இஞ்சினியர் சார்."

"மேடம், ஒரு நிமிஷம். அணைச்சிடாதீங்க."

"ஐயையோ, வேற பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே! வேலை போயிடும் சார்."

"போனா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும். சுவரோட பேசிப் பேசி, இப்பல்லாம் அது எனக்குப் பதில் சொல்லுது மேடம்."

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்குப் பரவாயில்ல. என் கெட்டில் என்னைத் திட்டவே ஆரம்பிச்சிடுச்சு."

ஊருக்கு நடுவில் இருப்பவளுக்குமா தனிமை? அவன் நெஞ்சு இளகியது.

"என் பேரு எலோய்."

"நான் நெலிடா."

"நாளைக்கு ஊருக்கு இறங்கறேன், நெலிடா. உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா, எங்கூட கோழி சூப் குடிக்க வருவீங்களா?"

பொத்தானை விட்டு, இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டான். கோபித்துக்கொண்டாளோ?

"இறங்கறீங்களா? எங்கேருந்து?"

"ஏரியிலேருந்துதான். மேற்கு ஏரி."

"விளையாடாதீங்க சார். நீங்க ஊர்ல, சங்குக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"நானா? அங்க இருக்கறது நீங்கதானே?"

"கம்பெனி என்னைக் கிழக்கு ஏரிக் காவலுக்குத்தானே அனுப்பிச்சிருக்கு!"

இத்தனை நாளும் ரேடியோ இரைச்சல் என்று எலோய் நினைத்தது அவள் பக்கத்துக் காற்று. அவனுடைய கூரையை உலுக்கிக்கொண்டிருந்த அதே மலைக்காற்று.

அவள் குரல் மிக மெல்ல வந்தது.

"எலோய்... அப்ப கீழ யாரு இருக்கா?"