பாக் தோங்சுவின் குரல்

இசைக் கம்பெனியை விட்டுப் போகும் பாடகர்கள் தங்கள் குரலை அங்கேயே விட்டுப் போக வேண்டும் என்ற விதியை எழுதியவரே அதைத் தொடங்கிய பாக் தோங்சுதான். இருபத்தெட்டு வருடங்களில் நாற்பது பேர் கழுத்தில் குரலை மாற்றும் பட்டையோடு, எல்லோருக்கும் பொதுவான ஒரே குரலில் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார்கள். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் கையெழுத்தை அவரே போட்டிருந்தார். சென்ற வாரம் பங்குதாரர்கள் அவரை நீக்கியபோது அவர் கழுத்திலும் பட்டை ஏறியது.

பூசான் நகரில் அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மாவுக்குப் பார்வை போய் ஆறு வருடமாகிறது.

"அம்மா, நான்தான் தோங்சு."

"என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதாக்கும்? போய்யா அந்தப் பக்கம்."

"மீன் சந்தையில உங்க பக்கத்துல உக்காந்துதானேம்மா முதல் பாட்டு எழுதினேன்!"

"அதைத்தான் அவன் பேட்டிக்குப் பேட்டி சொல்லியாச்சே. வேற ஏதாவது சொல்லு, பாப்போம்."

அவர் யோசித்துப் பார்த்தார். பேட்டியில் சொல்லாத நினைவு என்று ஒன்றுகூட அவரிடம் மிச்சமில்லை.

உள்ளே போன் அடித்தது. தனக்கு நேரமில்லை என்று, தினமும் மாலையில் தன் குரலே அம்மாவோடு பேசும்படி பல வருடங்களுக்கு முன் அவர் கம்பெனியில் செய்துவைத்த ஏற்பாடு அது.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று அவருடைய குரல் கேட்டது.

"ஆச்சுப்பா. வாசல்ல எவனோ உன் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்கிறான்."

"கதவைத் திறக்காதீங்கம்மா. நான் போலீசுக்குச் சொல்றேன்."

அம்மா உள்தாழ்ப்பாளையும் போட்டார். "நீ இருக்கிறப்ப எனக்கென்னப்பா பயம்?" என்றார்.