சம இடைவெளியில் அன்பு

புள்ளியியல் விரிவுரையாளரான அவள் தன் கைப்பேசியைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், நாப்பது நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்ல. மனுஷன் இப்படியா கொஞ்சுவான்?"

கணவன் அசடு வழிந்தான். அவனுக்கும் புள்ளிவிவரத்தில்தான் பிழைப்பு.

"'ஆர்'ங்கற கம்ப்யூட்டர் மொழியில புரோகிராம் எழுதி, ஆரம்பம், முடிவு, இடைவெளி மூணையும் குடுத்தீங்க. அது நேரத்தை வரிசையா அடுக்கிக் குடுத்துச்சு. உங்க அன்பும் அதுபாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு. அப்படித்தானே?"

"ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைம்மா..."

"நான் ஒவ்வொண்ணையும் படிச்சுப் படிச்சு உருகிட்டு இருந்தேன்!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து ஒண்ணே ஒண்ணுதான் வரிசை தப்பி வந்திருக்கு."

"அது மட்டும் நானே கைப்பட அனுப்பினது. அதுல என்ன எழுதியிருந்தேன், சொல்லு?"

அவள் திருதிருவென்று விழித்தாள். அவனே திரையைத் தள்ளிக் காட்டினான்.

'லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூச்சு முட்டுது. யாரையாவது அனுப்பு.'

அதற்குக் கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் போனது போலவே, சரியாக மூன்று நிமிடம் கழித்து அவளுடைய பதில் போயிருந்தது:

'எனக்கும் அப்படித்தான் இருக்கு, கண்ணா!'