கொக்கியில் தொங்கிய அங்கி

குடியால் நெஞ்சுத் துடிப்பு தடுமாறுகிறது என்று, தௌனோவின் மார்பில் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவியை மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"கழட்டவே கூடாதுன்னேனே?" என்றாள், மறுநாள் கருவியைத் திரும்ப வாங்கிய நர்ஸ் கைசு.

"சவுனா குளியலறை நீராவிக்குள்ள எப்படிம்மா கட்டிக்கிட்டு உக்கார்றது? வெளியே ஹெல்வியோட அங்கி மேல தொங்கவிட்டேன். ஒரு மணி நேரந்தான்."

ஹெல்வி அவர் மனைவி. இறந்து மூன்று வருடமாகிறது.

"அந்த ஒரு மணி நேரமும் துடிப்பு பதிவாயிருக்கே!"

"மெஷின் கோளாறா இருக்கும், விடும்மா."

அந்த ஒரு மணி நேரப் பதிவில் சீரான துடிப்பு. மூன்று இடங்களில் மட்டும் எகிறியிருந்தது. மூன்றும், அவர் சவுனாவுக்குள் பீர் திறந்ததாக, கருவியோடு தந்த குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்த நேரங்கள்.

அலுப்போடு வீடு வந்தவர், கொக்கியில் தொங்கிய அங்கியின் மேல் உள்ளங்கையை வைத்தார். அமைதியாகத் துடித்தது. மறுகை பழக்கதோஷத்தில் பீர் கேனைத் தேடிப் போனது.

உள்ளங்கைக்கடியில் துடிப்பு எகிறியது.