கல்லருகே நின்றவள்

“கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போயிருக்கும்னு நக்கல் பண்றான் அந்தக் கம்பெனி மேனேஜர்,” என்றபடி அக்கா செருப்பைக் கழற்றினாள். வாசலில் ஏற்கெனவே ஒரு ஜோடி சின்னச் செருப்பு இருந்தது. அதை மிதித்துவிடாமல் தாண்டி உள்ளே வந்தாள்.

நெட்டை அவள் உட்காரப் பாயை விரித்தான். வீட்டுக்குள்ளும் கம்பளிக் கையுறை மாட்டியிருந்தான். மலையில் இன்னும் குளிர் விடவில்லை.

அக்கா முன்பு நர்ஸாக இருந்தவள். இப்போது அந்த மலை நிலத்தையும் தண்ணீரையும் காப்பதற்கென்று ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறாள். சின்னது என்றால் ஓர் அறை, ஓர் ஓட்டை ஜீப், சம்பளத்துக்கு ஒரே ஆள். அந்த ஆள் நெட்டை.

மேலே சரிவில் இருக்கும் சுனைக்காகத்தான் இத்தனை பாடும். கீழே நானூறு வீட்டுக் குழாய்களுக்கு அதுதான் தண்ணீர். சுனைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவில் ஓர் எல்லைக் கல். கல்லைத் தாண்டினால் பாட்டில் தண்ணீர் கம்பெனியின் நிலம்.

நேற்று அக்கா போய்ப் பார்த்தபோது கல் சுனைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு சர்வேயர் இந்த வீட்டுக்கு வந்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு சுனைக்குப் போகிறார். பழைய பத்திரத்தில் அடிக்கணக்கு எதுவும் இல்லை. கல்தான் எல்லை என்று ஒரே வரி. கல் இடம் மாறியதற்குச் சாட்சி காட்டாவிட்டால் இன்றோடு சுனை கைமாறிவிடும். சாட்சி ஒன்று உண்டு. அது நெட்டையின் வீட்டில் இருந்தது. அதைக் கேட்கத்தான் அக்காவுக்கு நா எழவில்லை.

வருஷம் தவறாமல் ஒரே பாறையில் நின்று, ஒரே திசை பார்த்து, அந்தக் கல்லைப் படம் எடுத்துவைப்பது அறக்கட்டளையின் வழக்கம். நெட்டை எடுப்பான். கல்லின் உயரம் தெரியவேண்டும் என்று அவன் மனைவி பக்கத்தில் நிற்பாள். நாலே முக்கால் அடி. எனக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்துச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா, இவரைவிட நான்தான் உங்களுக்கு உபயோகம் என்று சிரிப்பாள். படங்களை ஆல்பத்தில் ஒட்டித் தேதி எழுதிவைப்பதும் அவள்தான்.

போன வருஷம் படம் எடுக்கப் போன இடத்தில், ஈரப்பாறையில் கால் வழுக்கிச் சுனைக்குள் விழுந்தாள். உயிரோடு எடுக்க முடியவில்லை.

தண்ணீர் குடிக்க அக்கா குழாயடிக்குப் போனாள். குழாயின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூலையில் ஒரு வாளி மழைத் தண்ணீர்.

“சொட்டுதுக்கா,” என்றான் நெட்டை. “அந்தச் சத்தம் கேட்டா படுக்க முடியல.”

வாஷர் தேய்ந்திருக்கும், ஆள் அனுப்புகிறேன் என்றாள். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

“இது நம்ம கையை விட்டுப் போச்சுன்னா அவ்வளவுதான் தம்பி. சுனை வாயைக் கான்கிரீட் போட்டு மூடிட்டு, குழாயை இறக்கிடுவானுங்க. ஒரு குருவி வந்து குடிக்க முடியாது.”

நெட்டை நிமிர்ந்தான். “முழுசாவா மூடுவாங்க?”

“முழுசா. அங்க ஒரு சுனை இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. அந்த ஆல்பத்தைக் குடு தம்பி. அவளைப் பார்க்க உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு வேற வழியில்ல.”

நெட்டை எழுந்துபோய் அடுப்பின் பக்கத்திலிருந்து ஆல்பத்தை எடுத்துவந்தான். அட்டையின் ஒரு மூலை கருகியிருந்தது.

கையுறையோடு பக்கம் புரட்ட வராமல் தடுமாறினான். வெறும் கையால் அவளைத் தொடப் பயப்படுகிறான் என்று நினைத்து அக்கா தானே புரட்டினாள். ஒன்பது வருஷம், ஒன்பது படம். முன்னால் சுனை, அதற்கு அப்பால் கல், கல்லில் ஒரு கை ஊன்றி அவள். பத்தாவது பக்கத்தில் படம் இல்லை. கிளம்பும் முன்பே எழுதிவைத்திருப்பாள்போல. தேதி மட்டும் அவள் கையெழுத்தில் இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாரு, போயும் நம்ம பக்கம்தான் நிக்கிறா. கல்லை நகர்த்தினவன் இன்னைக்கு வசமா மாட்டினான்.”

வெளியே சர்வேயரின் வண்டி வந்து நின்றது. அக்கா ஆல்பத்தை எடுக்கப்போனாள். நெட்டை ஒரு முனையைப் பிடித்தபடி விடவில்லை. இழுத்த இழுப்பில் அவனுடைய ஒரு கையுறை கழன்று விழுந்தது.

கையெல்லாம் புண். ஆல்பத்தை நெருப்பிலிருந்து எடுக்கும்போது சுட்டுக்கொண்டானோ என்று அக்கா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். எத்தனையோ கைகளுக்குக் கட்டுப் போட்டவள் அவள். இது தீக்காயம் இல்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. நகக்கண்களில் செம்மண்.

“எரிச்சிடலாம்னுதான் பார்த்தேன்,” என்றான் நெட்டை. “எல்லாப் பக்கத்துலயும் அவ நிக்கிறா. முடியல.”

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அவன் ஆல்பத்திலிருந்து கையை எடுத்தான்.

“மூடட்டும்னுதான்கா நகர்த்தினேன்.”