கோட்டுப் போட்ட பயணி

இத்தாலியின் சிசிலித் தீவில், பகேரியாவிலிருந்து பலெர்மோவுக்குக் காலை ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடத்து ரயில் பெட்டிகளை இருபத்தெட்டு வருஷம் கூட்டித் துடைத்த கோபாலசிங்கம், ஓய்வுபெற்றபின் முதல் தடவையாக டிக்கெட்டும் கோட்டுமாக, மாப்பிள்ளை நடை நடக்கிறார். ஜன்னலெங்கும் கடல் வெயிலை அள்ளி எறிகிறது. அவர் கூட்டிய குப்பையைக் குவித்தால் எட்னா எரிமலைக்கு ஒரு தம்பி முளைக்கும் என்பது அவர் கணக்கு. “என்னைக் கண்டால் சனம் எழும்பி நிண்டு கதைக்கும், பாருமன்.” “ஓம், மாலையும் போடுவினம்,” என்கிறாள் பின்னால் வரும் மனைவி குகனேஸ்வரி. ஒருத்தரும் போனிலிருந்து நிமிரவில்லை. கோட்டுக்குள் அவர் சுருங்கிக்கொண்டே போகிறார். கடைசி இருக்கையில் பேப்பர் படிக்கும் கிழட்டு இத்தாலியச் சீமாட்டி, அந்தக் காலடிச் சத்தத்துக்குத் தலையை உயர்த்தாமலே, பழையபடி இரண்டு காலையும் மேலே தூக்குகிறாள். கோபாலசிங்கம் குனிந்து, அவள் காலடியில் கிடந்த மிட்டாய்த் தாளை எடுத்துக் கோட்டுப் பையில் பத்திரமாக வைக்கிறார்.