கிழவன் பார்த்த பக்கம்

மே முதல் நாள் காலை டூகலும் அவன் மனைவி இஷ்பெலும் வருடாவருடம் போல ஆட்டுப்பட்டியைத் தாண்டி மேலே ஏறி, முழங்கால் உயரக் கல்வீட்டின் வாசலைத் திறந்தார்கள். கிழவன், அவன் மனைவி கிழவி, அவர்கள் மகள் என்று மூன்று கல்தெய்வங்கள் குளிர்காலம் முழுவதும் அதற்குள்தான் இருக்கும். நவம்பரில் இஷ்பெல் இடுக்குகளில் திணித்த பாசி அப்படியே இருந்தது.

கிழவியைத் தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இந்த முறை அவள் இஷ்பெலின் உள்ளங்கையில் அடங்கிவிட்டாள். எப்போதும் கைக்குள் அடங்கும் மகளைத் தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிழவன் மட்டும் அதே கனம்.

“யாரோ மாத்தி வெச்சுட்டானுங்க” என்றான் டூகல்.

“பாசி கலையாமயா? கன்னத்து வெட்டைப் பாரு, இது கிழவியேதான். இத்தனூண்டு ஆயிட்டா.”

மூவரையும் வெளியே எடுத்து, பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினார்கள். ஒரு முகம் திரும்பினாலும் அந்த வருடம் புல் வராது. டூகல் இரண்டு தடவை சரிபார்த்தான். பிறகு ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு இறங்கினார்கள்.

ஓடையருகே டூகல் திரும்பிப் பார்த்தான். கிழவன் சின்னக் கல்லின் பக்கம் திரும்பியிருந்தான்.

“ஐயோ, போன வருஷமே பன்னெண்டு குட்டி போச்சு. நான் போய்த் திருப்பிட்டு வரேன்.”

இஷ்பெல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா வா. பொண்டாட்டி கைக்குழந்தையா கெடக்கறப்போ அந்த மனுஷன் ஊரை வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பாரா?”

அந்தக் கோடையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. கல்வீட்டைச் சுற்றி மட்டும், யாரோ தவழ்ந்து திரிந்ததைப் போலப் படிந்து கிடந்தது.